பழைய செயின் சா: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டிய மறுநாள் காலை என் பட்டறை வாசலில் கேட்கும் பேச்சு வருடா வருடம் ஒன்றுதான். "போன மழைக்கு நல்லாத்தான்ணா ஓடிச்சு. இப்ப கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டையே போச்சு." அங்கே தெருவில் தூங்குமூஞ்சியோ இயல்வாகையோ வழியை அடைத்துச் சாய்ந்து கிடக்கும். இங்கே ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் மரம் அறுக்கும் செயின் சா மெஷினை நிறுத்தியபடி, குடியிருப்புச் சங்கத்துக்காரர் ஒருவர் நனைந்துகொண்டு நிற்பார்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்தபோது அவசரத்துக்கு வாங்கிய மெஷின்கள்தான் என்னிடம் வருவதில் பாதி. வாங்கிய வாரம் ஓடியிருக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது மறுபடி ஓடியிருக்கும். மற்ற நாளெல்லாம் மாடிப்படிக்குக் கீழே, டேங்கில் மிச்சப் பெட்ரோலோடு உறக்கம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் கார்ப்பரேட்டர் ஓடிக் கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம்.

கூடவே இன்னொரு தொல்லை. என்னிடம் வருவதற்குள் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் யாராவது திருகிப் பார்த்திருப்பார்கள். எல் என்று எழுதியிருப்பது ஐடிலிங்குக்கும் ரேஸ் ஏறத் தொடங்குவதற்கும் பெட்ரோல் விடும் ஸ்க்ரூ. எச் என்பது முழு ரேஸுக்கு. மூன்றாவதாக எல்.ஏ. (LA) அல்லது டி (T) என்று ஒன்று இருக்கும். அது ஐடிலிங் வேகத்தை மட்டும் ஏற்றி இறக்கும். போன மழைக்கு ஓடிய மெஷினில் இந்த ஸ்க்ரூக்கள் தானாகத் திரும்பிக்கொள்வது அரிது. ஆகவே கடைசிப் பகுதிக்கு வரும்வரை எல், எச் இரண்டையும் தொட வேண்டாம்.

எதையும் கழற்றும் முன்

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் சுருக்கென்று மூக்கில் ஏறும். பழசு வார்னிஷ் வாடை அடிக்கும். சந்தேகமாக இருந்தால் முழுவதையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு போட்டதுபோல ஒரு படலம் பிரிந்து நின்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்! ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேங்குக்குள் ஃபில்டர் கிடப்பதும் அங்கேதான்.

பழைய மெஷின்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் ஏற்கின்றன. அதற்காக வேறு பெட்ரோலுக்கு எங்கே போவது? இந்த எஞ்சினுக்கு ஆயில் கலந்த பெட்ரோல்தான். கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் டேங்கைக் காலி செய்து, கார்ப்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானே அணையும்வரை ஐடிலிங்கில் ஓடவிட்டு எடுத்து வையுங்கள். இதை மட்டும் செய்தாலே இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

புதுக் கலவைக்கு, மெஷின் கம்பெனி சொல்லும் தரத்து 2டி (2T) ஆயில், அதாவது 2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50:1. மற்ற 2டி ஆயிலுக்குப் பல கையேடுகள் 40 மில்லி, 25:1 என்கின்றன. டப்பாவிலும் கையேட்டிலும் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. கார், பைக் எஞ்சின் ஆயில் கூடாது. கண்ணளவும் கூடாது. மருந்துக்கடையில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏர் ஃபில்டர். மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து சாணி பூசியதுபோல இருக்கும். நைலான் வலை என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பிளக் கறுத்திருந்தால் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கூச்சமாக இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: நிறுத்தும் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். நங்கநல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்து என்னிடம் வந்த மெஷின் ஒன்றுக்கு அவ்வளவுதான் கோளாறு.

இந்த வேலையெல்லாம் திறந்த வெளியில். பால்கனியில் பக்கத்தில் அடுப்பு எரிகிறது, சாமி விளக்கு எரிகிறது என்றால் அன்றைக்கு வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகவே இல்லை

சோக் போட்டு நான்கைந்து முறை இழுத்துவிட்டு நிறுத்துங்கள். நாற்பது முறை இழுப்பதில் லாபம் ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

பிளக் காய்ந்திருந்தால்

பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. உறுதி செய்துகொள்ள, பிளக் ஓட்டை வழியாகக் கலவையில் நான்கைந்து சொட்டு விட்டு, பிளக்கை மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுங்கள். இரண்டு விநாடி உறுமி அணைந்தால் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், சிலிண்டர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன, குறை பெட்ரோல் வரும் வழியில் என்று அர்த்தம். நான் நம்பும் சோதனைகளில் இதற்குத்தான் முதலிடம். ஐந்து நிமிடத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

வழியை டேங்கிலிருந்து தொடங்குங்கள். கம்பியைக் கொக்கிபோல வளைத்து ஃபில்டரை வாய்க்கு இழுத்துப் பாருங்கள். கறுத்து விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு. அடுத்து பெட்ரோல் டியூப். அது டேங்கின் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில்தான் விரிசல் விடும். லேசாக வளைத்தால் வாயைத் திறந்து காட்டும். எத்தனால் பட்டுப் பட்டுச் சில டியூப்கள் ஊறிப்போன அவல் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும், சில மரம்போல இறுகிவிடும். விரலால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் குமிழ், பிரைமர் பல்ப், இருந்தால் அமுக்குங்கள். அமுக்கியதும் எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் டேங்குப் பக்கம் அடைப்பு. எழும்பியும் உள்ளே பெட்ரோல் தெரியவில்லை, வெறும் காற்றுக் குமிழ்தான் என்றால் பல்பிலோ டியூபிலோ ஓட்டை.

இவ்வளவும் சரியாக இருந்தும் பெட்ரோல் கார்ப்பரேட்டரைத் தாண்டவில்லை என்றால், உள்ளே பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் நீடில் பிசின் பிடித்து ஒட்டியிருக்கிறது, அல்லது சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது டயப்ரம் என்னும் மெல்லிய சவ்வு இறுகிவிட்டது. திறக்க வேண்டியதுதான். அந்தப் பகுதி கீழே.

சொட்டு விட்டும் உறுமவே இல்லையென்றால் கார்ப்பரேட்டரை விட்டுவிடுங்கள். பிளக்கை அதன் மூடியில் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பு சிலிண்டரில் படும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். நீலமாகத் தீப்பொறி தெரிய வேண்டும். சுற்றிலும் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். பொறி இல்லையென்றால் புது பிளக் ஒன்று. அதிலும் இல்லையென்றால் காயில். அது கடைக்காரர் வேலை.

பொறி இருந்தும் உறுமவில்லையா? மெஷினைக் கயிற்றுப் பிடியில் தொங்கவிடுங்கள். நல்ல எஞ்சின் தன் எடையைத் தானே பிடித்து, விட்டு விட்டு இறங்கும். கிணற்று வாளிபோல ஒரேயடியாகச் சரிந்தால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பிடிப்பு, போய்விட்டது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் தெரிந்தால் கையைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றும் செலவைப் பழைய மெஷின் தாங்குமா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கும்.

பிளக் நனைந்து சொட்டினால்

எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிட்டது. பெரும்பாலும் சோக்கோடு அதிக நேரம் இழுத்ததுதான் காரணம். பிளக்கைக் கழற்றியே வையுங்கள். சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கை எடுத்து, டிரிகரை முழுக்க அழுத்திப் பிடித்து, பிளக் ஓட்டை முகத்துக்கு நேராக இல்லாதபடி பத்து முறை இழுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

மறுபடி மறுபடி மூழ்கினால் சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். அதுவும் சரியென்றால் கார்ப்பரேட்டருக்குள் நீடில் மூடவில்லை. நீடில் நுனியில் தூசி மாட்டியிருக்கும், அல்லது போன முறை திறந்தவர் லீவரை உயர்த்தி வளைத்திருப்பார்.

சோக்கில் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் அணைகிறது

சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகம் இழுக்கிறது. அந்த உதவி இருந்தால்தான் ஓடுவேன் என்றால் மெஷினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை, அல்லது வேண்டாத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. பலர் இந்த இடத்தில்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். எல் ஸ்க்ரூவைத் திறந்துவிட்டதும் கொஞ்ச நேரம் ஓடும். பிரச்சினை தீர்ந்தது என்று மரத்தடிக்குப் போவார்கள்.

டேங்க் ஃபில்டர், டியூப் இரண்டும் பார்த்தாயிற்று என்றால் கார்ப்பரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைச் சுற்றிலும் விரல் விட்டுத் தடவுங்கள். பத்து வருட வெயிலில் அது வெடித்திருக்கும். பக்கத்திலேயே சன்னமாக இன்னொரு குழாய் போகும். பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிராங்க் கேஸின் மூச்சைக் கார்ப்பரேட்டருக்குக் கொண்டுபோகும் குழாய் அது. சில மாடலில் குழாய்க்குப் பதில் ஓட்டை மட்டும் இருக்கும். உள்ளே பெட்ரோலை இழுக்கும் பம்ப் டயப்ரம் அந்த மூச்சில்தான் துடிக்கிறது. அது வெடித்தால் பம்ப் நின்றது. எல்லாம் சரியாக இருந்தால், டயப்ரம் கிட், அதாவது புது டயப்ரங்களும் கேஸ்கெட்டுகளும் கொண்ட பொட்டலம், வாங்க வேண்டிய நேரம்.

ரேஸ் கொடுத்தால் மூச்சுத் திணறுகிறது

ஐடிலிங் அழகாக இருக்கும். டிரிகரை அழுத்தினால் "புவ்வ்" என்று அமுங்கி அணையும். அழுத்தியதும் புகை கக்கித் திணறினால் பெட்ரோல் கூடுதல்: ஏர் ஃபில்டரும் சோக்கும் பாருங்கள். புகையே இல்லாமல் பட்டென்று வெட்டிக்கொண்டு அணைந்தால் பெட்ரோல் குறைவு: மறுபடி டேங்க் ஃபில்டர், டியூப், டயப்ரம்.

ஐடிலிங் சரி, பாதி ரேஸ் வரை சரி, முழு ரேஸுக்குப் போகவே மாட்டேன் என்கிறதா? கார்ப்பரேட்டருக்குப் போகுமுன் சைலன்சரைப் பாருங்கள். அதன் வாயில் நெருப்புப் பொறி வெளியே வராமல் தடுக்கச் சின்ன வலை ஒன்று இருக்கும். ஆயில் அதிகம் கலந்து ஓட்டிய மெஷினில் அது கரி பிடித்து அடைத்திருக்கும். ஆறியபின் கழற்றி பிரஷ் போட்டால் போதும். இதைப் பார்க்காமலேயே புதுக் கார்ப்பரேட்டர் மாற்றிய மெஷின்கள் இரண்டு என்னிடம் வந்திருக்கின்றன. பழைய கார்ப்பரேட்டரை அவர்கள் தூக்கிப் போட்டுவிட்டதுதான் வருத்தம்.

நன்றாக ஓடிப் பத்து நிமிடத்தில் நிற்கிறது

நின்ற அந்த நொடியிலேயே டேங்க் மூடியை மெதுவாகத் திறங்கள். எஞ்சின் சூடாக இருக்கும், பெட்ரோல் சைலன்சரில் சிந்தக் கூடாது. "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, மூடிவிட்டு இழுத்ததும் ஸ்டார்ட் ஆகி இன்னொரு பத்து நிமிடம் ஓடுகிறதா? டேங்குக்குக் காற்று விடும் வென்ட் அடைத்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் வாயை மூடிய பாட்டிலில் உறிஞ்சுகுழல் போட்ட கதைதான். வென்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிது போடுங்கள். மூடியில் ஓட்டை போடும் வைத்தியத்தையும் பார்த்திருக்கிறேன். சாய்த்து அறுக்கும்போது அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் காலில் வழியும். வேண்டாம்.

"உஸ்" வரவில்லையென்றால், நின்ற உடனே தீப்பொறியைப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லாமல், அரை மணி நேரம் ஆறியபின் பொறி வந்தால் காயில்தான். சித்திரை வெயிலில் வேலை செய்பவர்கள் வேறொன்றையும் பார்க்கலாம்: சிலிண்டரின் துடுப்புகளுக்கு இடையே மரத்தூள் அப்பிக் கிடந்தால் சூடு வெளியேறாது.

டிரிகரை விட்டும் ரேஸ் இறங்கவில்லை

இது ஒன்றுதான் அவசரம். உடனே சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். நிற்காவிட்டால் சோக்கை இழுங்கள். அந்த மெஷினை அதற்குப் பிறகு ஒரு கிளைகூட அறுக்க விடாதீர்கள்.

முதலில் டிரிகரிலிருந்து வரும் கம்பி எங்காவது மரத்தூளில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எல்.ஏ. ஸ்க்ரூ அளவுக்கு மேல் திருகப்பட்டிருக்கிறதா என்பது. இரண்டும் இல்லை, ரேஸ் விட்டபின் மெதுவாக, வேண்டாவெறுப்பாக இறங்குகிறது, ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது என்றால் எங்கிருந்தோ திருட்டுக் காற்று நுழைகிறது. மேலே சொன்ன ரப்பர் குழாயைப் பாருங்கள். ஐடிலிங்கில் மெஷினை ஒருபுறம் சாய்த்ததும் சத்தம் மாறினால், கிராங்க் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் மேல் சந்தேகம் வர வேண்டும்.

கார்ப்பரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயான கார்ப் கிளீனரை அங்கங்கே அடித்து, சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை என்று கண்டுபிடிப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பது எனக்கு ஒப்பில்லை. எஞ்சினை அடைத்துக் காற்றை ஏற்றியும் இழுத்தும் பார்க்கும் பம்ப் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஆயில் சீல் மாற்ற கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். வீட்டு வேலை அல்ல. திருட்டுக் காற்றோடு எல் ஸ்க்ரூவைத் திறந்து சமாளித்து ஓட்டினால் சில நாளில் பிஸ்டன் போகும்.

ஐடிலிங்கில் நிற்கவில்லை, ஆனால் ரேஸில் ஓடுகிறது

எல்.ஏ. ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள். இதைத் தொடுவதில் தவறில்லை. செயின் சுற்றத் தொடங்கும் அளவுக்குப் போகக் கூடாது. அதற்குள் ஐடிலிங் நிலைக்கவில்லையென்றால் அதன் வழியின் நுண்துளைகள் அடைத்திருக்கும். திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

கீழே பெட்ரோல் ஒழுகுகிறது

எங்கிருந்து என்று பாருங்கள். டேங்க் மூடி வளையம், டியூப் நுழையும் இடம் என்றால் சில்லறைச் செலவு. கார்ப்பரேட்டர் வாயிலிருந்து சொட்டினால் நீடில். ஒழுகும் மெஷினை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

கார்ப்பரேட்டரைத் திறப்பது

டிவிஎஸ் 50 காலத்து மெக்கானிக்குகளுக்கு 2 ஸ்ட்ரோக் எஞ்சின் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அவர்களில் சிலர் செயின் சா கார்ப்பரேட்டரைக் கையில் எடுத்ததும் கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட் எங்கே என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன். இதில் ஃப்ளோட் கிடையாது. மொபட் நிமிர்ந்தே ஓடும், செயின் சா பக்கவாட்டிலும் தலைகீழாகவும் ஓட வேண்டும். அதனால் கிண்ணத்துக்குப் பதில் இரண்டு மெல்லிய சவ்வுகள்: பெட்ரோலை இழுக்கும் பம்ப் டயப்ரம் ஒரு பக்கம், அளந்து விடும் மீட்டரிங் டயப்ரம் மறுபக்கம்.

கழற்றியதும் உடம்பில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்ப்ரோ, ஜாமா, டில்லாட்சன், அல்லது இவற்றின் சீன நகல்களில் ஒன்றாக இருக்கும். டயப்ரம் கிட் வாங்க அந்த எண்தான் வேண்டும். ஒரே மாடல் செயின் சாவில் ஆண்டுக்கு ஆண்டு வேறு கார்ப்பரேட்டர் போட்டிருப்பார்கள். முடிந்தால் கார்ப்பரேட்டரையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவிலும் சுற்றுத் தெருக்களிலும் விசாரித்தால் கிடைக்கும். பழையதும் புதியதும் பக்கத்தில் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன்னும் செல்போனில் ஒரு படம். இது சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுக்காத வேலை. பொதுவாக மீட்டரிங் பக்கம் முதலில் கேஸ்கெட், மேலே டயப்ரம். பம்ப் பக்கம் முதலில் டயப்ரம், மேலே கேஸ்கெட். மாற்றிப் போட்டால் பெட்ரோல் ஏறாது. உங்கள் கார்ப்பரேட்டரில் எப்படி இருந்தது என்று படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரிங் டயப்ரத்தைக் காதருகே பிடித்து விரலால் தட்டுங்கள். புதிது சத்தமே போடாது. கெட்டது அப்பளம்போல மொடமொடக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கண்ணுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

உள்ளே ஒரு சின்ன லீவர், அதன் அடியில் ஸ்பிரிங், அது பிடித்திருக்கும் நீடில். லீவரின் அச்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றும்போது விரலை மேலே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பறந்துவிடும். பறந்த ஸ்பிரிங்கைத் தேடிப் பட்டறைத் தரையை ஒருநாள் முழுக்கப் பெருக்கியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதே என்று பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டுவிட வேண்டாம். எவ்வளவு அழுத்தத்தில் நீடில் திறக்கும் என்பதை அந்த ஸ்பிரிங்தான் முடிவு செய்கிறது. நீடில் நுனியில் வளையம்போலத் தேய்ந்த தடம் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள்.

லீவரின் உயரம் கார்ப்பரேட்டருக்குக் கார்ப்பரேட்டர் மாறும். சிலவற்றில் குழியின் அடித்தளத்தோடு சமமாக நிற்கும், சிலவற்றில் விளிம்புக்குச் சற்றுக் கீழே. கழற்றும் முன் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் திரும்ப அதே அளவில் உட்காருகிறதா என்று பார்க்கலாம். யாரும் வளைக்காத லீவரை நீங்களும் வளைக்காதீர்கள்.

பம்ப் பக்கம் மூடிக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லாத சல்லடை ஒன்று இருக்கும். பிசின் பெரும்பாலும் அங்கேதான். ஊசியால் நோண்டி எடுத்து, கார்ப் கிளீனர் அடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதைத் தவிர வேறெங்கும் ஊசி கூடாது, கம்பியும் கூடாது. ஜெட் துளை ஒரு முடி அளவு பெரிதானாலும் அந்தக் கார்ப்பரேட்டர் பிறகு டியூனிங்கில் நிற்காது. எல், எச் ஸ்க்ரூக்களை எடுக்கும் முன், ஒவ்வொன்றும் மெதுவாக உள்ளே உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டு எடுங்கள். இறுக்கித் திருகினால் ஊசிமுனை அதன் இருக்கையைக் கெடுத்துவிடும். பிறகு எல்லாத் துளையிலும் கிளீனர் அடித்துக் காற்று கொடுங்கள். டயப்ரங்கள் உள்ளே இருக்கும்போது காற்று அடித்தால் கிழிந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தது இன்னொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும்.

பிசின் மிகவும் ஊறிப்போயிருந்தால் அல்ட்ராசானிக் தொட்டி உதவும். ரிச்சி தெருவில் செல்போன் போர்டு கழுவ வைத்திருப்பார்களே, அதேதான். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எல்லாம் நீக்கிய வெறும் உடம்பை மட்டும் போடுங்கள்.

இரண்டு முறை கிட் மாற்றியும் அதே அறிகுறி திரும்பினால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்று கார்ப்பரேட்டரின் உடம்பே தேய்ந்துவிட்டது, அல்லது கோளாறு கார்ப்பரேட்டரில் இல்லை. சில நூறு ரூபாய்க்கு நகல் கார்ப்பரேட்டர் கிடைக்கிறது, போட்டுப் பார்க்கலாம். என் அனுபவத்தில் சில நன்றாக ஓடும், சில வந்த நாளே ஒழுகும். பழைய அசல் உடம்பு தேறும் என்றால் நான் அதற்கு கிட் போடுவதையே விரும்புவேன்.

டியூனிங்

இதுவரை எல்லாம் பார்த்தாயிற்று, பெட்ரோல் புதிது, ஃபில்டர் சுத்தம், காற்றுக் கசிவு இல்லை. இப்போது ஸ்க்ரூ டிரைவர். சில மெஷின்களில் ஸ்க்ரூவின் தலை ஆங்கில D வடிவத்திலோ பல் வைத்தோ இருக்கும், அதற்குத் தனி டிரைவர் வேண்டும். எல்.ஏ. மட்டும் இருக்கும் மாடல்களில் டியூன் செய்ய வேறொன்றும் இல்லை.

செயின் சுற்றிவரும் நீண்ட தகடான பாரும் கூரான செயினும் மாட்டியிருக்க வேண்டும். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை. மெஷினைச் சமதரையில் வைத்து, பார் எதிலும் படாமல், எதிரே ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு ரேஸ் பார்க்கும்போது செயின் பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். பிரேக்கோடு ரேஸ் செய்தால் கிளட்ச் கருகும்.

கையேட்டு அளவு தெரிந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். தெரியாவிட்டால் எல், எச் இரண்டும் மெதுவாக உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சுற்று வெளியே. பெரும்பாலான பழைய மெஷின்கள் இதில் ஸ்டார்ட் ஆகிவிடும். நான்கைந்து நிமிடம் ஓடிச் சூடாகட்டும்.

முதலில் எல். மெதுவாக உள்ளே திருகுங்கள். ஐடிலிங் ஏறும், பிறகு தள்ளாடும். வெளியே திருகுங்கள், மறுபடி ஏறி, பிறகு கனத்துப் புகைந்து இறங்கும். வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து அரைக்கால் சுற்று வெளியே நிறுத்துங்கள். டிரிகரைச் சட்டென்று அழுத்திப் பாருங்கள். தயங்கினால் இன்னும் ஒரு நூல் வெளியே. தயங்காமல் ஏறினால் எல் முடிந்தது.

அடுத்து எல்.ஏ. ஐடிலிங் அணையாமலும் செயின் அசையாமலும் இருக்கும் இடம். எவ்வளவு குறைத்தாலும் செயின் சுற்றுகிறது என்றால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

கடைசியில் எச். இதில்தான் மெஷின் சாகும். முழு ரேஸில் மூன்று நான்கு விநாடி, அதற்கு மேல் வேண்டாம். "ங்ஙீஈஈ" என்று கத்தி போன்ற சுத்தமான ஓலம் கேட்டால் காதுக்கு இனிமையாக இருக்கும், பிஸ்டனுக்கு எமன். இந்த எஞ்சினுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். எச்சை வெளியே திருகிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் ஓலம் உடைந்து "ப்ர்ர்ர்ர்" என்று விக்கும். அந்த விக்கல்தான் வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் விக்கல் மறைந்து, எடுத்ததும் திரும்பி வர வேண்டும். மரத்திலும் விக்கினால் ஒரு நூல் உள்ளே. எடுத்தபிறகும் ஓலமே தொடர்ந்தால் ஒரு நூல் வெளியே. எஞ்சின் வேகம் காட்டும் டேக்கோமீட்டர் இருந்தால் கையேட்டின் உச்ச வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் சற்றுப் புகைந்தாலும் பரவாயில்லை என்று வெளிப்பக்கமே நில்லுங்கள். தொழில் கற்றுக்கொண்ட புதிதில் அந்த ஓலத்தை "பவர்" என்று நம்பி, அடுத்தவர் மெஷினின் பிஸ்டனைச் சிலிண்டரோடு ஒட்டவைத்தவன் நான். சொந்தக் காசில் மாற்றிக் கொடுத்தேன்.

மெஷின் இடம் மாறினால் இந்த வேலை முழுவதும் மறுபடி. கொடைக்கானல் தோட்டத்தில் ஓடிய பழைய மெஷினை மலிவாக வாங்கி வந்த ஒருவர், வந்த அன்றே வேளச்சேரியில் தென்னை அறுக்க இறங்கிவிட்டார். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும், அதற்கேற்ப அங்கே பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள். கடலோரக் காற்றுக்கு அந்த அளவு பற்றாது. மூன்றாவது மரத்தில் பிஸ்டன் கீறிவிட்டது. சென்னைக்குள்ளேயும், வைகாசி மத்தியானத்தில் வைத்த எச், மார்கழி விடியலில் ஒரு நூல் குறைவாகத்தான் இருக்கும்.

எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால், நீங்கள் டியூன் செய்துகொண்டிருப்பது உடைந்த ஒன்றை. நிறுத்திவிட்டு மேலே உங்கள் அறிகுறியின் தலைப்புக்குத் திரும்புங்கள், அல்லது மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததும் நான்கைந்து துண்டு அறுத்துவிட்டு, ஆறியபின் பிளக்கைப் பார்ப்பேன். டீத்தூள் காய்ந்த பழுப்பு நிறம் என்றால் திருப்தி. வெளுத்திருந்தால் எச்சை இன்னும் திறப்பேன். பிறகு எல் எத்தனை சுற்று, எச் எத்தனை சுற்று, என்றைக்கு என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஃபில்டர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். அடுத்த ஐப்பசியில் மெஷின் திரும்பி வரும்போது, கயிற்றைத் தொடும் முன் அந்த மூடியைத்தான் திறப்பேன்.